டெக்காலா, ரெசினா, கன்வெர்ஷனா, இல்லை வேறு கிட்டே வாங்கலாமா? இந்திய விமானப்படை மாடல்களுக்கு ஓர் ஒப்பீடு

பிளாஸ்டிக் விமான மாடல் செய்பவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். கையில் ஹண்டர் எஃப்.6 கிட் (ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் கொண்ட பெட்டி) இருக்கிறது, 1971 போரில் லோங்கேவாலாவில் பறந்த ஹண்டர் வேண்டும். ஏர்ஃபிக்ஸ் நேட் மலிவாகக் கிடைத்தது, அதை 1971 போர் வீரர் நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டிய நேட்டாக மாற்ற வேண்டும். மிக்-21பிஸ் பெட்டி அலமாரியில் தூங்குகிறது, அபிநந்தன் ஓட்டிய பைசனாக அது எழுந்து நிற்க வேண்டும்.

கிட் தயாரிக்கும் கம்பெனிகள் பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்கா, ரஷ்யா, ஜெர்மனி விமானங்களை நினைத்துத்தான் அச்சு வெட்டுகின்றன. இந்திய விமானப்படை பறக்கவிட்டதோ அவற்றின் ஏற்றுமதி வகைகள். பெட்டிக்கும் நமக்கு வேண்டியதற்கும் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆஃப்டர்மார்க்கெட் பாகங்கள் இருக்கின்றன. கிட் கம்பெனி தராத டெக்கால் (நனைத்து ஒட்டும் ஒட்டுப்படம்), ரெசின் பாகம் (அச்சில் ஊற்றி வார்த்த பிசின் பாகம்), பித்தளைக் குழாய், உலோகத் தகடு போன்றவற்றைச் சிறு நிறுவனங்கள் தனியாகத் தயாரித்து விற்கின்றன.

வழிகள் ஐந்து. டெக்கால் மட்டும் மாற்றுவது. விவரப் பாகங்கள் சேர்ப்பது. கன்வெர்ஷன் செட் வாங்கி உடம்பையே மாற்றுவது. எல்லாவற்றையும் கையால் செய்துகொள்வது. இருக்கும் கிட்டை விட்டுவிட்டு வேறு கிட் வாங்குவது. விலையைப் பார்த்துத்தான் பலரும் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது தப்பான தொடக்கம் என்பது என் கட்சி.

## எதை வைத்து முடிவு செய்வது

வித்தியாசம் எங்கே இருக்கிறது? மற்றக் கேள்விகளெல்லாம் இதற்குப் பிறகுதான். பெட்டியில் இருக்கும் விமானத்துக்கும் நமக்கு வேண்டிய விமானத்துக்கும் உள்ள வேறுபாடு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். மேல் பூச்சில் இருக்கலாம்: நிறம், எண், வட்டச் சின்னம். ஒட்டும் உறுப்பில் இருக்கலாம்: சீட், ஏரியல், பைலான் (இறக்கைக்கு அடியில் ஆயுதம் மாட்டும் தாங்கி), காற்றழுத்தம் அளக்கும் பிட்டோ குழாய். இல்லாவிட்டால் உடம்பிலேயே இருக்கலாம்: இறக்கையின் அளவு, உடலின் நீளம், முதுகின் தடிமன். முதலாவதற்கு டெக்கால் போதும். இரண்டாவதற்குச் சின்னப் பாகங்கள் போதும். மூன்றாவதுதான் ஆளை இழுத்துவிடும்.

முடித்த பிறகு கண்ணுக்குத் தெரியுமா? 1/72 அளவில், அதாவது நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கில், கேனபியை (விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியை) மூடி ஒட்டிவிட்டால் உள்ளே சீட்டின் தலைப்பகுதி தெரியும், டேஷ்போர்டின் மேல் விளிம்பு தெரியும். அவ்வளவுதான். 1/48-ல் கேனபி திறந்திருந்தால் கதை வேறு.

வீட்டு வாசலுக்கு வந்து சேரும் விலை என்ன? இணையத்தில் போட்டிருக்கும் விலை பாதிக் கதை. இந்தியாவின் சுங்கப் பட்டியலில் ஸ்கேல் மாடல்கள் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் இருக்கின்றன. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. தனிநபர் பார்சலுக்கு எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்பது பார்சலுக்குப் பார்சல் மாறும். தபால் செலவு, கூரியர் கட்டணம் எல்லாம் மேலே ஏறும். ஒரு சின்ன பித்தளைக் குழாயை மட்டும் தனியாக வரவழைத்தால் குழாயை விடத் தபால் அதிகம். சிங்கப்பூரில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம்.

கருவி இருக்கிறதா, கை பழகியிருக்கிறதா? ரெசினை அறுக்கத் தனி ரம்பம் வேண்டும். தகட்டை மடிக்க மடிப்புக் கருவி வேண்டும். இவை ஒருமுறைச் செலவுதான், ஆனால் முதல் மாடலின் கணக்கில்தான் வந்து விழும்.

கெட்டுப்போனால் மீள வழி உண்டா? டெக்கால் கோணலாகப் போனால் உரித்துவிடலாம். நடுவில் அறுத்த உடலை மறுபடி முழுசாக்க முடியாது.

| வழி | எந்த வித்தியாசத்துக்கு ஏற்றது | கண்ணில் படாத செலவு | கெட்டால் |
|---|---|---|---|
| டெக்கால் மட்டும் | மேல் பூச்சு | டெக்காலைப் படியவைக்கும் செட்டிங் திரவம், பளபளப்புப் பூச்சு | உரித்துவிட்டு மறுபடி |
| விவரப் பாகங்கள் | ஒட்டும் உறுப்பு | கருவிகள், தபால், தவறான வகையை வாங்குவது | பாகம்தான் போகும், கிட் தப்பும் |
| கன்வெர்ஷன் செட் | உடம்பின் ஒரு முனை | தூக்கிப்போடும் கிட் பாகங்கள், புட்டி, நேரம் | இரண்டும் போகும் |
| கையால் செய்வது | சின்ன உறுப்பு, சின்ன மேடு | நேரம் | இன்னொன்று செய்யலாம் |
| வேறு கிட் | உடம்பு முழுக்க | பழைய கிட் அலமாரியிலேயே கிடக்கும் | புதிதாகத் தொடங்கலாம் |

## வழி ஒன்று: டெக்கால் மட்டும்

குறைந்த செலவில் பெரிய மாற்றம் தருவது இதுதான். ஹண்டர் நல்ல உதாரணம். இந்தியா வாங்கிய ஹண்டர் எஃப்.56 என்பது பிரிட்டனின் எஃப்.6-ஐ ஒட்டிய வகை. வெளியே தெரியும் முக்கிய வித்தியாசம் ஜெட் குழாய்க்கு மேலே இருக்கும் பிரேக் பாரசூட் கூடு. 1971 டிசம்பரில் ஜெய்சல்மேரிலிருந்து கிளம்பி லோங்கேவாலாவில் டாங்கிகளை வேட்டையாடிய ஹண்டர்கள் வேண்டுமென்றால், சரியான கிட், அந்தக் கூடு, நல்ல டெக்கால் தாள். வேறு எதுவும் தேவையில்லை. ரெவெல் 1/72-ல் எஃப்.6, எஃப்ஜிஏ.9 இரண்டையும் வெளியிட்டிருக்கிறது. எஃப்ஜிஏ.9-இல் பாரசூட் கூடு ஏற்கெனவே உண்டு என்பதால் வேலை இன்னும் குறையும்.

இந்தியச் சின்னத்துக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. வட்டத்தில் காவி வெளியே, வெள்ளை நடுவில், பச்சை உள்ளே. டெக்கால் மை மெல்லியதாக இருந்தால் கரும்பச்சை உருமறைப்பு நிறத்தின் மேல் அந்தக் காவி வளையம் அழுக்குப் பழுப்பாகத் தெரியும். தாள் வாங்கும்போது வட்டத்துக்கு அடியில் வெள்ளை அச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே அளவில் ஒரு வெள்ளை வட்டத்தை முதலில் ஒட்டி, அதன்மேல் இதை ஒட்டலாம். இரட்டை வேலை. வெள்ளி நிற விமானத்துக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

ஆண்டும் பொருந்த வேண்டும். 1965 போரில் நேட்கள் பூச்சில்லாத உலோக நிறத்தில் பறந்தன. உருமறைப்புப் பூச்சு அப்புறம் வந்தது. 1965-இன் எண்ணை 1971-இன் நிறத்தில் ஒட்டினால், தெரிந்தவர் யாராவது வீட்டுக்கு வரும் அன்றைக்கு மாட்டிக்கொள்வீர்கள்.

கண்ணில் படாத செலவு ஈரப்பதம். டெக்காலுக்கு முன்னால் பளபளப்புப் பூச்சு வேண்டும், இல்லாவிட்டால் ஓரங்களில் காற்று அடைபட்டு வெள்ளி போல மினுங்கும். சென்னை மாதிரி ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் வகைப் பளபளப்புப் பூச்சு அடித்தால் அது வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் நாள் பார்த்து அடியுங்கள், இல்லையென்றால் அக்ரிலிக்குக்கு மாறுங்கள். பழைய தாள்கள் மஞ்சளடித்திருந்தால் நம்பி நேரே தண்ணீரில் போட வேண்டாம். வேண்டாத ஓர் எழுத்தை முதலில் நனைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்தால் தாள் முழுக்க டெக்கால் ஃபிலிம் திரவத்தை ஒரு கோட் பூசினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

வித்தியாசம் மேல் பூச்சில் மட்டும் என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். மிச்சப் பணத்துக்கு இன்னொரு கிட் வாங்கலாம்.

## வழி இரண்டு: விவரப் பாகங்கள்

பணம் மெல்ல மெல்லக் கரையும் இடம் இது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விலை. கூட்டிப் பார்த்தால் கிட் விலையைத் தாண்டியிருக்கும். ஆகவே பாகம் பாகமாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு மிக்-21. 1963-ல் சண்டிகரில் தொடங்கி 2025 செப்டம்பரில் அதே ஊரில் விடைபெற்ற விமானம், இந்தியாவில் மாடல் செய்பவர் யாரும் ஒருமுறையாவது தொடாமல் விடமாட்டார்.

*பித்தளை பிட்டோ குழாய்.* மிக்-21 என்றால் முதலில் வாங்க வேண்டியது இதுதான், சந்தேகமே வேண்டாம். மூக்கிலிருந்து நீளும் அந்தக் கம்பி பிளாஸ்டிக்கில் தடிமனாக இருக்கும், நடுவில் அச்சுக் கோடு ஓடும், பெயின்ட் அடிக்கும்போது சட்டையில் பட்டு ஒடியும். போலந்தின் மாஸ்டர் நிறுவனம் கடைந்து தரும் பித்தளைக் குழாய் மெல்லியது, நேரானது, ஒடியாது. பார்ப்பவர் கண் முதலில் போகும் இடமும் அதுதான்.

*சீட்.* ரெசினிலோ 3டி அச்சிலோ வாங்கலாம், தாராளமாகப் பலன் தரும். ஆனால் வகை பார்த்து வாங்க வேண்டும். மிக்-21எஃப்எல், பிஎஃப் வகைகளில் கேனபி முன்பக்கம் கீல் வைத்து ஒரே துண்டாகத் திறக்கும். உள்ளே இருப்பது எஸ்கே வகைச் சீட். பிஎஃப்எம்மிலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் கேனபி பக்கவாட்டில் திறக்கும். அவற்றில் கேஎம்-1 சீட். "மிக்-21 சீட்" என்று மட்டும் போட்டிருக்கும் பொட்டலத்தை வாங்கி எஃப்எல்-இல் வைத்தால், கிட்டில் வந்த தப்பில்லாத சீட்டை எடுத்துவிட்டுத் தப்பான சீட்டைக் காசு கொடுத்து வைத்த மாதிரி ஆகும்.

*உலோகத் தகடு.* ஃபோட்டோ எட்ச் (அமிலத்தால் அரித்து வெட்டிய மெல்லிய தகடு) என்பது அடிப்படையில் தட்டையானது. சீட் பெல்ட், ஏரியல் கத்தி, மெல்லிய சட்டம் போன்ற தட்டையான பொருளுக்கு இதை மிஞ்ச எதுவும் கிடையாது. லிவர், கைப்பிடி மாதிரி உருண்டையான பொருளுக்கு இது பொருந்தாது. பக்கத்திலிருந்து பார்த்தால் காகிதம் மாதிரி தெரியும். நிறம் அச்சிட்ட டேஷ்போர்டுகளும் வருகின்றன. அவற்றின் இடத்தை இப்போது 3டி டெக்கால்கள் மெல்லப் பிடித்துவருகின்றன. குவின்டா ஸ்டுடியோ மாதிரியான நிறுவனங்களின் தாளில் டயலும் சுவிட்சும் மேடு பள்ளத்தோடு நிறமாகவே வந்துவிடுகின்றன. கத்தரித்து, நனைத்து, கொஞ்சம் பசையோடு ஒட்டினால் முடிந்தது. 1/48-ல் இதற்குப் பிறகு உலோக டேஷ்போர்டு வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

*முழு ரெசின் காக்பிட்.* அழகு, சந்தேகமில்லை. ஆனால் அது உள்ளே போக, உடலின் இரண்டு பாதிகளையும் உட்புறமாகத் தேய்த்துத் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்க வேண்டிவரும். சில செட்களில் அப்படியும் மூடாது. பசை எடுப்பதற்கு முன் காய்ந்த நிலையில் பொருத்திப் பார்ப்பது இங்கே கட்டாயம். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுங்கள்.

*சக்கரம், மாஸ்க்.* ரெசின் சக்கரத்தில் டயர் தரையில் அழுந்தியிருக்கும் வடிவம் இருக்கும், நடுவில் ஒட்டுக்கோடு இருக்காது. கேனபிக்கு வெட்டி வரும் மாஸ்க் ஒரு மாலை நேரத்தை மிச்சப்படுத்தும். இரண்டுமே கொடுத்த காசுக்குப் பழுதில்லை.

*சக்கரக்குழி, எஞ்சின் உட்புறம், ஏர்பிரேக் உட்புறம்.* 1/72-ல் விட்டுவிடுங்கள். மாடலைத் தலைகீழாக்கி யாருக்கும் காட்டப்போவதில்லை.

இந்த வழியில் இரண்டு கணக்குகளைப் பலர் பார்ப்பதில்லை. எடுவார்ட் நிறுவனம் ஒரே கிட்டை இரண்டு விதப் பெட்டியில் விற்கிறது. ப்ரோஃபிபேக் பெட்டியில் நிறத்தகடும் மாஸ்க்கும் உள்ளேயே வரும். வீக்கெண்ட் பெட்டியில் வராது. வீக்கெண்டை மலிவாக வாங்கி, தகடும் மாஸ்க்கும் தனியாக வரவழைத்தால் பெரும்பாலும் ப்ரோஃபிபேக்கை விட அதிகம் செலவாகிவிடும். இன்னொன்று சூப்பர்குளூ. ரெசினும் உலோகமும் பிளாஸ்டிக் சிமென்டில் ஒட்டாது. நம் ஊர் ஈரத்தில் திறந்த சூப்பர்குளூ பாட்டில் சீக்கிரம் கெட்டியாகும். சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் நாள் வரும். மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்ததற்கு வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது உங்கள் பொறுப்பு.

துல்லியத்துக்காக விவரப் பாகம் வாங்குகிறோம் என்று நாம் சொல்லிக்கொள்வது பாதி பொய். ஆசைக்கு வாங்குகிறோம். அதில் தப்பில்லை, ஆனால் ஆசைக்கென்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டால் நல்லது. கிட் விலையில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

## வழி மூன்று: கன்வெர்ஷன் செட்

இங்கேதான் நிதானம் வேண்டும். கன்வெர்ஷன் செட் என்றால் பெரும்பாலும் ரெசினில் ஒரு புது மூக்கு, புது வால் அல்லது புது முதுகு, கூடவே வேறு கேனபி. கிட்டின் அந்தப் பகுதியை அறுத்து எறிந்துவிட்டு இதைப் பொருத்த வேண்டும்.

எது நல்ல கன்வெர்ஷன், எது பொறி என்பதற்கு நம் விமானப்படையிலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன.

நல்லது: ஹண்டர் டி.66. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் பயிற்சி வகை. ஒற்றை இருக்கை ஹண்டருக்கும் இதற்கும் வித்தியாசம் மூக்கிலும் கேனபிக்குப் பின்னுள்ள முதுகிலும்தான். இறக்கை, வால் அப்படியே. அறுக்க ஒரே இடம், ஒட்ட ஒரே மூட்டு. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையின் டி.7 சின்ன எவான் எஞ்சின் கொண்ட எஃப்.4 உடம்பிலிருந்து வந்தது. இந்தியாவின் டி.66-க்குப் பெரிய 200 வரிசை எவான். எனவே டி.7 செய்பவர் பின்பக்க ஜெட் குழாய்க்கும் சேர்த்துக் கவலைப்பட வேண்டும், டி.66 செய்யும் நமக்கு எஃப்.6 கிட்டின் பின்பக்கமே சரி. டி.7 என்று விற்கும் செட்டில் சின்ன ஜெட் குழாய் பாகம் வந்தால் அதை ஒதுக்கி வையுங்கள்.

பொறி: நேட். ஏர்ஃபிக்ஸ் 1/72-லும் 1/48-லும் தருவது டி.1, அதாவது இரட்டை இருக்கைப் பயிற்சி வகை, ரெட் ஏரோஸ் குழு பறந்தது. இந்தியா போரில் பறக்கவிட்டது ஒற்றை இருக்கை எஃப்.1. பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். கேனபியை மாற்றி, முன் இருக்கையை எடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அளவெடுத்துப் பாருங்கள். எஃப்.1-இன் நீளம் 8.74 மீட்டர், டி.1-இன் நீளம் 9.68. இறக்கை விரிவு 6.73-க்கு எதிராக 7.32. 1/72-ல் நீளத்தில் 13 மில்லிமீட்டர், விரிவில் 8 மில்லிமீட்டர் வித்தியாசம். மொத்த விமானமே 12 சென்டிமீட்டர்தான் என்னும்போது இது சின்னத் தப்பில்லை. அதைவிட மோசம், டி.1-இன் இறக்கை எஃப்.1 இறக்கையை நீட்டியது அல்ல. பரப்பு வேறு, இறக்கையின் அசையும் பகுதிகளான ஃபிளாப், ஐலரான் இருக்கும் இடமும் வேறு. வாலும் பெரிது. உடலைச் சுருக்கி, இறக்கையைப் புதிதாகச் செய்து, வாலை வெட்டி, கேனபியை மாற்றி முடிக்கும்போது ஏர்ஃபிக்ஸ் பெட்டியில் மிஞ்சியிருப்பது சக்கரம் மட்டும்தான்.

அறுக்கும் இடம் ஒன்றா, பலவா என்று எண்ணுங்கள். ஒரே இடம் என்றால் துணியலாம். இரண்டு என்றால் யோசிக்கலாம். இறக்கையும் சேர்ந்தால் விட்டுவிடுங்கள்.

பைசன் இரண்டுக்கும் நடுவில் வருகிறது. அது மிக்-21பிஸ்ஸைத் தரம் உயர்த்தியது. உடம்பு அதே பிஸ்தான். தெளிவாகக் கண்ணில் படும் மாற்றம் முன் கண்ணாடி: பழையதில் சட்டங்கள், பைசனில் சட்டமில்லாத ஒற்றை வளைவு. மற்றவை ஏரியல்கள், பெட்டிகள், ஏந்தும் ஏவுகணைகள். ஆகவே இது கன்வெர்ஷன் என்ற பெயரில் வரும் விவரப் பாகத் தொகுப்புதான், அறுவை கிடையாது. நல்ல பிஸ் கிட் கையில் இருந்தால் தயங்காமல் செய்யலாம். கண்ணாடி மட்டும் வேக்யூஃபார்ம் துண்டாக (சூடாக்கி அச்சின் மேல் உறிஞ்சி எடுத்த மெல்லிய பிளாஸ்டிக்காக) வந்தால் வெட்டுவதில் பொறுமை தேவை. புது பிளேடு போட்டு, ஒரே அழுத்தாக வெட்டாமல் கோட்டின் மேல் மெல்லப் பல தடவை ஓட்டுங்கள். சூப்பர்குளூ புகை கண்ணாடியைப் பனி மூடியதுபோல ஆக்கிவிடும். வெள்ளைப் பசை போதும்.

எஃப்எல் வேண்டும், கையில் இருப்பது எம்எஃப் அல்லது பிஸ் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். எஃப்எல்லுக்கு முதுகு மெலிது, பிஸ்ஸுக்கு எரிபொருள் நிரப்பிய தடித்த முதுகு. முதுகு, கேனபி, சீட், உள்ளே பொருத்திய பீரங்கி எல்லாமே வேறு. எடுவார்ட் 1/48-ல் பிஎஃப், பிஎஃப்எம் கிட்கள் வந்திருக்கின்றன. எஃப்எல்லுக்கு அங்கிருந்து தொடங்குங்கள். 1971-க்கு என்றால் வயிற்றுக்கு அடியில் தொங்கும் ஜிபி-9 பீரங்கிப் பொதியை மறக்காதீர்கள்.

கன்வெர்ஷனில் பெட்டியில் போடாத செலவுகள் சில. செட் ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் கிட்டுக்கு அளந்து வார்த்தது. வேறு கம்பெனிக் கிட்டில் மூட்டு பொருந்தாது. வார்ப்பு ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். மூட்டில் படி விழும், புட்டி வைத்துத் தேய்க்க வேண்டும், தேய்த்ததில் அழிந்த பேனல் கோடுகளை மறுபடி கீற வேண்டும். டெக்கால் பெரும்பாலும் கூட வராது. சின்ன நிறுவனங்கள் சின்ன அளவில் வார்ப்பதால் இன்றைக்கு இருக்கும் செட் அடுத்த வருஷம் இருக்கும் என்று சொல்ல முடியாது. வேண்டும் என்று முடிவானால் தள்ளிப்போடாமல் வாங்குவதே மேல். ஓர் ஆதாயமும் உண்டு. திண்ணிய ரெசின் மூக்கு கனமானது. ஹண்டர் வால் தரையில் படாமல் நிற்க எப்படியும் மூக்கில் எடை வைக்க வேண்டும். அந்த வேலை கொஞ்சம் மிச்சம்.

## வழி நான்கு: கையால் செய்வது

ஹண்டரின் பாரசூட் கூடு மாதிரி ஒரு சின்ன மேட்டுக்கு ரெசின் செட் வரவழைப்பது அநியாயம். கிட் பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவின் தடித்த துண்டைத் தேய்த்தால் வந்துவிடும். ஸ்ப்ரூவை மெழுகுவத்திச் சுடரின் மேல் காட்டி இழுத்தால் ஏரியல் கம்பி. நிரப்புவதற்குப் பெயின்ட் கடை என்.சி. புட்டி போதும், தடிமனாக அப்பினால் சுருங்கும், பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் தின்னும், மெல்லிய அடுக்காகப் போடுங்கள். பெரிய பள்ளத்துக்கு எம்-சீல். வெளிநாட்டு எபாக்ஸி புட்டி அளவுக்கு வழவழப்பு இல்லை, ஆனால் தெருமுனைக் கடையில் கிடைக்கும்.

தட்டையான பாகத்துக்கு பாலிஸ்டைரீன் தகடு வேண்டும். பிவிசி கார்டுகளை வெட்டினால் பிளாஸ்டிக் சிமென்ட் பிடிக்காது, சூப்பர்குளூதான்.

3டி அச்சு இப்போது கைவேலையின் இடத்துக்கு வந்துவிட்டது. நகரங்களில் கோப்பைக் கொடுத்தால் அச்சடித்துத் தருகிறார்கள். இழை உருக்கி அடிக்கும் பிரிண்டர் வேண்டாம், படிக்கட்டாகத் தெரியும். ஒளியில் இறுகும் ரெசின் பிரிண்டர்தான் கேட்க வேண்டும். அப்படியும் அந்த ரெசின் நொறுங்கும் தன்மை கொண்டது. சக்கரத் தண்டு மாதிரி எடை தாங்கும் பாகத்தை அதில் அடிக்காதீர்கள்.

ஒரே ஓர் உறுப்பு வேறுபடும் மாடலுக்கு இதுவே நல்ல வழி. பத்து உறுப்பு வேறுபட்டால் பாதியில் அலுத்து, மாடல் டப்பாவுக்குள் போய்விடும்.

## வழி ஐந்து: வேறு கிட்

"இருக்கிற கிட்டை வீணாக்குவதா?" என்று கேட்பார்கள். கணக்குப் போடுங்கள். நேட்டையே எடுத்துக்கொண்டால், செக் நாட்டின் ஸ்பெஷல் ஹாபி 1/72-ல் ஒற்றை இருக்கை நேட்டையும் அதிலிருந்து இந்தியா உருவாக்கிய எச்ஏஎல் அஜீத்தையும் தனிப் பெட்டிகளாகவே வெளியிட்டிருக்கிறது. ஏர்ஃபிக்ஸ் டி.1, அதன்மேல் ரெசின், புட்டி, உங்கள் மாலை நேரங்கள் எல்லாம் சேர்ந்தால் அந்தப் பெட்டியின் விலையைத் தாண்டும். முடிவில் அந்த அளவுக்குச் சரியாகவும் இருக்காது. டி.1-ஐ யாருக்காவது விற்றுவிடலாம், இல்லை அதை டி.1 ஆகவே செய்துவிடலாம். சிவப்பு நேட்டும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

கான்பெரா குண்டுவீச்சு விமானமும் அப்படியே. இந்தியாவின் பி(ஐ)58 என்பது பி(ஐ)8-இன் ஏற்றுமதி வகை. விமானியின் கேனபி இடதுபக்கம் ஒதுங்கி, போர்விமானக் கேனபி போல மேலே எழும்பி நிற்கும். இன்னொரு கான்பெரா வகையான பி.2-வின் முன்பாதியே வேறு. ஏர்ஃபிக்ஸ் 1/72-ல் பி(ஐ)8-ஐத் தனிக் கிட்டாகத் தந்திருக்கும்போது பி.2-வை அறுப்பது எதற்கு?

தஞ்சாவூரில் 2020-லிருந்து 222-ஆவது ஸ்குவாட்ரன் பறக்கவிடும் சுகோய்-30எம்கேஐ வேண்டுமா? சுகோய்-27யூபி கிட்டில் முன்சிறகு கிடையாது, திசை திருப்பும் ஜெட் குழாய் கிடையாது, மூக்குச் சக்கரமும் ஒற்றை, எம்கேஐக்கு இரட்டை. ரஷ்யாவின் சுகோய்-30எஸ்எம் எம்கேஐயிலிருந்தே பிறந்தது. ஸ்வெஸ்தா 1/72 எஸ்எம் கிட்டை வாங்கினால் உடம்பு கையில் வந்துவிடும். மிச்சம் ஏரியலும் டெக்காலும்.

குறையும் உண்டு. சிறு உற்பத்திக் கிட்களில் பாதிகளைச் சேர்க்கும் ஊசிகள் இருக்காது, ஸ்ப்ரூ இணைப்புகள் தடிமனாக இருக்கும். முதல் கிட்டாக இதை எடுக்க வேண்டாம். நான்கைந்து கிட் செய்தவருக்குச் சிரமம் இருக்காது.

## யாருக்கு எது

புதிதாகத் தொடங்குபவர் ரெவெல் ஹண்டரையும் ஒரு டெக்கால் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

சில மாடல் முடித்து, கை நடுங்காமல் தகடு மடிக்கத் தெரிந்தவருக்கு மிக்-21 பைசன். பிட்டோ குழாய், முன் கண்ணாடி, சீட், டெக்கால். பட்ஜெட் இறுகினால் சீட்டை விடுங்கள், குழாயை விடாதீர்கள்.

அறுவை பழக ஆசைப்படுபவர் ஹண்டர் டி.66-இல் பழகுங்கள். முதலில் ஒரு மலிவான கிட் உடலை வாங்கி, ரம்பம் போடும் கோட்டில் டேப் சுற்றி அறுத்துப் பாருங்கள். கோடு நேராக வந்தால் நல்ல கிட்டைத் தொடலாம்.

நேட் வேண்டுபவர் ஒற்றை இருக்கை கிட்டையே வாங்குங்கள். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் செகோன் பறந்தது 18-ஆவது ஸ்குவாட்ரனின் நேட்டில். பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர். அந்த ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் நம் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி உருவாக்கப்பட்டது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்க நினைப்பவர்கள் இரண்டையும் ஒரே அளவில், 1/72-ல், வாங்கிக்கொள்ளுங்கள். நேட் எவ்வளவு பொடியன் என்பது தேஜஸுக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் தெரியும். தேஜஸே சின்ன விமானம்.